சுண்ணாம்பு நிற்காத மலை

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் அறைக்குள் ஒன்பது பேர் இருந்தோம். மாப்பிள்ளைப் பையன், அவனுடைய அம்மா, கல்யாணமான அக்கா, அந்த அக்காவின் கைக்குழந்தை, தாய்மாமன். எங்கள் பக்கத்தில் அம்மா, என் அக்கா, நான். கடைசியாக வந்த ஒன்பதாவது ஆள் வீட்டுக்காரம்மா. அவரை யாரும் கூப்பிடவில்லை. தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து, வாசற்படியை அடைத்துப் போட்டு உட்கார்ந்தார்.

இல்லாதவர் என் அப்பா. பெண் பார்க்க வருகிற நாளில் பெண்ணைப் பெற்றவர் வீட்டில் இல்லை. இருக்க வேண்டாம் என்று அவரிடம் சொன்னவன் நான்.

மயிலாப்பூர் முடிந்து ராயப்பேட்டை தொடங்குகிற இடத்தில், ஆறு குடித்தனத்துக்கு ஒரு குழாய் உள்ள வீடு அது. எங்களுடையது கடைசி அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரு ஜன்னல், அதற்கு எதிரே ஒரு நீளச் சுவர். அந்தச் சுவரில் எப்போதும் உப்புப் பூக்கும். மழைக்காலத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் மாவு ஒட்டும்.

அப்பாவுக்கு வெள்ளையடிக்கிற வேலை. கோபாலபுரத்திலும் அடையாற்றிலும் உள்ள பங்களாக்களில் சாரம் கட்டி ஏறி அடிப்பார். பொங்கலுக்கு முந்தைய இரண்டு மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் மேஸ்திரி கூப்பிட்டால்தான் உண்டு. இருபது வருடச் சுண்ணாம்பு அவருடைய விரல் இடுக்குகளைத் தின்றிருந்தது. ஒருமுறை சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் விட்டு நீற்றும்போது தெறித்ததில் இடது கண் போய்விட்டது. அந்தக் கண் அவித்த முட்டை மாதிரி வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் அதைப் பார்த்து எனக்குப் பயமில்லை. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் வெட்கமாக இருந்தது.

எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்தவன் நான் ஒருவன். அக்கா மூன்றாவதோடு நின்றாள். நின்றாள் என்று எழுதுவது சரியில்லை, நிறுத்தினார்கள். நான் ஒன்றாவதில் சேர்ந்த வருடம் அது. இரண்டு பேருக்கும் சிலேட்டும் சட்டையும் வாங்க முடியாது என்று தெரிந்தபோது யாரை நிறுத்துவது என்று வீட்டில் யாரும் யோசிக்கக்கூட இல்லை. அதன் பிறகு அவள் தி. நகரில் ஒரு தையல்காரருக்காக வீட்டிலிருந்தபடியே சட்டைகளுக்குக் காஜா எடுத்து, பட்டன் தைத்துக் கொடுத்தாள். நான் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து படித்தேன்.

எனக்கு ஓவியம் வந்தது. அரசாங்க டிராயிங் பரீட்சையில் லோயர் தேறிவிட்டேன், ஹையர் எழுத இருந்தேன். ஹையர் தேறி, பயிற்சியும் முடித்தால் ஏதாவது ஒரு பள்ளியில் டிராயிங் மாஸ்டர். பரீட்சையில் இயற்கைக் காட்சி என்று ஒரு கேள்வி வரும். எல்லாப் பையன்களும் ஒரே காட்சியைத்தான் வரைவார்கள்: இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், அதிலிருந்து இறங்கி வருகிற ஆறு, ஓரத்தில் ஒரு தென்னை. அதைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும். நூலகத்தில் ஒரு பெரிய ஓவியப் புத்தகத்தில் நான் வேறு மாதிரி மலைகளைப் பார்த்திருந்தேன். கிட்டே இருக்கிற மரம் கரும்பச்சை. அதற்கு அப்பால் ஒரு மேடு, அது வெளிர்பச்சை. அதற்கும் அப்பால் மலை, அது நீலம். அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத நீலம். தூரம் வேண்டுமென்றால் நிறத்தில் வெள்ளையைக் கலந்துகொண்டே போக வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து நானே கண்டுபிடித்தேன்.

அந்தக் கடைசி மலைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நான் நிஜமாகப் பார்த்திருந்த ஒரே மலை பரங்கிமலை. அதுவும் மின்சார ரயிலிலிருந்து. அது என்னைப் பொறுத்தவரை ஒரு மேடு. புத்தகத்திலிருந்த மலையோ போய்ச் சேர முடியாதது, ஆனால் அதைப் பார்த்தபடி நடக்கலாம். படிப்பு, வேலை, ஜன்னலுக்கு வெளியே மரம் தெரிகிற ஒரு வீடு, சாயம் போகாத சட்டை எல்லாம் எனக்கு அந்த நீலத்தில் இருந்தன. ஒருவன் அந்த மலையைச் சரியாக வரைந்துவிட்டால் பாதித் தூரம் போய்விட்டான் என்று நான் மனதார நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அடையாறு பாலம் வரை நடப்பேன். அங்கே மலை கிடையாது. ஆற்றுமுகத்தில் தண்ணீரும் மணல் திட்டும் பனைகளும்தான். தூரத்தை வரைந்து பழகுவதற்கு அது போதும். பொங்கல் நெருக்கத்தில் ஒருநாள் அப்படிப் போகும்போது வழியில் ஒரு பங்களாவின் சாரத்தில் அப்பா நின்றிருந்தார். தலையில் துண்டு, முகமெல்லாம் வெள்ளை. வலது கண்ணால் தெருவைப் பார்த்தார் என்றே நினைக்கிறேன். நான் எதிர் ஓரத்துக்கு மாறி, அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

அக்காவுக்கு இருபத்துநான்கு முடிந்தபோதுதான் அந்த வரன் வந்தது. மேற்கு மாம்பலத்தில் வீடு. பையனுக்குத் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. குடிக்கமாட்டான். அதற்கு முன் வந்த மூன்று இடங்களும் தவறிப்போயிருந்தன. இதுவும் போனால் இரண்டாம் தாரமாகத்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்று அம்மா குழாயடியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள், அக்கா காதில் விழும்படி.

"ரெண்டு கை வெள்ளை அடிச்சா பளிச்சுனு ஆயிடும்," என்றார் அப்பா, உப்புப் பூத்த சுவரைப் பார்த்து. "வியாழக்கிழமை அடிச்சேன்னா ஞாயித்துக்கெழமைக்கு வாசனைகூட இருக்காது."

"உனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் நைனா," என்றேன். நாங்கள் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். "வெள்ளை, வெள்ளை, வெள்ளை. ஒரே வாரத்துல உப்புப் பூத்துக் கொட்டும். அவங்க முதுகுல ஒட்டிகினு போவும். நான் வரையறேன்."

"எத்த வரைவ?"

"மலை."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் அவர் சேர்த்துவைத்திருந்த டின்களை இழுத்துப் போட்டார். வேலை முடிந்த டின்னில் அடியில் தங்குகிற பெயிண்ட் அடித்தவனுக்குச் சொந்தம் என்பது அவர்கள் தொழிலில் வழக்கம். பங்களா ஜன்னல்களுக்கு அடித்து மிஞ்சிய நீலம், பச்சை, வெள்ளை. எல்லாம் எனாமல். அக்காவின் கல்யாண டிரங்குப் பெட்டிக்கு அடிப்பதற்காக வைத்திருந்தாராம்.

"எட்த்துக்கோ. ஆனா ஒண்ணு. எனாமலு அட்ச்சா அப்பால அதும் மேல சுண்ணாம்பு நிக்காது. இப்பவே சொல்ட்டேன்."

"எதுக்கு நிக்கணும்? இதுக்கு மேல யாரு சுண்ணாம்பு அடிக்கப் போறா?"

வீட்டுக்காரம்மா அந்த வாரம் காஞ்சிபுரத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அது எனக்குத் துணிச்சலாக இருந்தது. உப்பைச் சுரண்டி, உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, நான்கு நாள் கதவைச் சாத்திக்கொண்டு வரைந்தேன். எனாமல் வாடையில் அம்மாவுக்குத் தலைவலி. அக்கா புகையில் உட்கார்ந்திருப்பவள்போல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு காஜா எடுத்தாள். சுவர் முழுக்க, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, ஒரு பாதை, மேடு, மரங்கள், மலை, அதற்குப் பின்னால் அந்தக் கடைசி மலை. அதற்கு மட்டும் இரண்டு நாள் ஆனது. நீலத்தில் வெள்ளையைத் துளித்துளியாகக் கலந்து, தடவி, துடைத்து, மறுபடி தடவி. நான் அதுவரை செய்ததிலேயே நல்ல வேலை அது. இன்றும் அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

"அந்த மலைக்கு நடந்து போனா எவ்ளோ நேரம்டா ஆவும்?" என்று கேட்டாள் அக்கா. ஊசியை நிறுத்திவிட்டுத்தான் கேட்டாள்.

"உன்னால எல்லாம் போக முடியாது. உனக்கு அது புரியாது," என்றேன்.

அவள் ஊசியைக் குத்தினாள்.

அப்பா இரவு வந்து, விளக்கைத் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "அல்லாம் ஒரே தட்டா கீது. எது கிட்ட, எது தூரம்னே எனுக்குத் தெர்லடா."

"ஒத்தக் கண்ணு இருந்தா அப்படித்தான் தெரியும்."

இதைச் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. ஏதோ பாடம் சொல்லிக்கொடுப்பதுபோல் நிதானமாகத்தான் சொன்னேன். அவர் விளக்கைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை நான் இன்னொன்றும் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கு முன்பே போய்ப் பார்த்துவிட்டு வந்தவன் நான்தான். அங்கே அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டபோது, பங்களா வேலைகளைக் கான்ட்ராக்ட் எடுக்கிறார், கீழே ஐந்து ஆள் என்று சொல்லியிருந்தேன். அதனால் அப்பாவிடம், "நீ நாளைக்கு இங்க இருக்க வாணாம். அவசர வேலையா அடையாறு போயிட்டதா சொல்லிக்கறோம். சாயங்காலம் வா," என்றேன். அப்பா தன் கைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார். காலையில் வெள்ளையடிக்கிற நார் மட்டையையும் பக்கெட்டையும் எடுத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமையில், வேலை இல்லாத வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அவர்கள் நான்கு மணிக்கு வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் தாய்மாமன் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார். "அட! ஊட்டிக்கு வந்த மாதிரி இருக்கே. யாருப்பா வரைஞ்சது?"

"நான்தான் மாமா."

"நீயா? பலே."

அக்காவை அந்த மலைக்கு நேர்கீழே பாயில் உட்கார வைத்தோம். தலைக்கு மேல் நீலம், தோளுக்குப் பக்கத்தில் பாதை. பையன் நிமிர்ந்து பார்த்தான். மலையையா அக்காவையா என்று தெரியவில்லை. அவனுடைய அம்மா கேசரியைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டு கேட்டார். "அப்பா வல்லியா?"

"அடையாறுல ஒரு வேலை. நாளைக்குக் கிரகப்பிரவேசமாம், விடமாட்டேனுட்டாங்க. ஆளுங்கள வெச்சு முடிச்சிட்டுத்தான் வருவார்," என்றேன். எனக்கு நாக்கு குழறவே இல்லை.

அப்போதுதான் நாற்காலி வாசற்படியில் வந்து விழுந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சற்று முன்புதான் திரும்பியிருந்த வீட்டுக்காரம்மா, உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, நிமிர்ந்து, சுவரைப் பார்த்தார்.

"அடப் பாவிங்களா! இன்னாடா இது என் சுவத்துல?"

மாமன்தான் சமாதானமாக, "நல்லாத்தானே இருக்கும்மா," என்றார்.

"நல்லா கீதா? அப்ப உன் வூட்ல வரையச் சொல்லி இட்டுகினு போ. இது இன்னா வூடா, சினிமா கொட்டாயா? வருசா வருசம் ஆறு குடித்தனத்துக்கும் வெள்ளை அடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லித்தான் இவன் அப்பன் வாடகைல மாசம் ரெண்டு ரூபா கொறைச்சுகினு கீறான். அவன் புள்ள இன்னாடான்னா மலையும் மடுவும் வரைஞ்சு வெச்சுகினு கீது."

"வெள்ளை அடிக்கிறாரா?" மாமன் என்னைப் பார்த்தார். "கான்ட்ராக்டர்னு சொன்னியே தம்பி. அஞ்சு ஆளுன்னியே."

"யாரு, கான்ட்ராக்டரா?" வீட்டுக்காரம்மாவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அந்த ஒத்தக் கண்ணனா?" பிறகு புரிந்து, சிரிக்க ஆரம்பித்தார். "தோ, இப்பத்தான் பஸ்ஸவுட்டு எறங்கி வரேன், தெருக்கோடி டீக்கடையாண்ட பக்கெட்ட வெச்சுகினு குந்திகினு கீறான். இன்னா நைனா, வேலையான்னேன். இல்லம்மா, புள்ள சாயங்காலம் வரிக்கும் வெளிய இருக்கச் சொல்லிச்சுன்றான்."

தாய்மாமன் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. மாப்பிள்ளையின் அக்கா குழந்தையை மார்போடு திருப்பிக்கொண்டு குலுங்கினாள். பையன் தரையைப் பார்த்தான். அவனுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டார்.

"பெத்தவனையே ஒளிச்சு வெச்ச வூடு. இன்னும் இன்னா இன்னா ஒளிச்சு வெச்சு கீறாங்களோ. கண்ணு பரம்பரையா வந்துதா?"

"இல்லம்மா, சுண்ணாம்பு தெறிச்சது," என்றாள் அம்மா. அறைக்குள் அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

"அது நீ சொல்ற. எய்ந்து நில்லும்மா. கொஞ்சம் நட. கதவு வரிக்கும் போய் வா."

அக்கா எழுந்து நடந்தாள். எங்கள் அறையில் கதவு வரை ஐந்தடிதான், அதிலும் நாற்காலி. போய்த் திரும்பினாள்.

"ஊசி கீதா வூட்ல? நூல கோத்துக் காட்டு."

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். அக்கா ஜன்னல் விளிம்பிலிருந்து காஜா ஊசியை எடுத்து, நூலை நுனியில் ஈரப்படுத்தாமல், ஒரே தடவையில் கோத்து, அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்தாள். பத்து வருடமாக ஒரு நாளைக்கு நூறு தடவை செய்கிற காரியம். அந்த அம்மா ஊசியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல். பிறகு எல்லாரும் கேசரியை முடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

போகிற போக்கில் வீட்டுக்காரம்மா சொன்னார்: "வர்ற வெள்ளிக்கு மறு வெள்ளி. அதுக்குள்ள என் சுவரு எப்பிடி இருந்துச்சோ அப்பிடி இருக்கணும். இல்லாங்காட்டி சட்டி பொட்டிய தூக்கிகினு போய்க்கினே இரு."

அப்பா ஆறு மணிக்கு வந்தார். குழாயடியைத் தாண்டுவதற்குள் முதல் அறைக்காரி கேட்டுவிட்டாள். "இன்னா நைனா, உன்ன வூட்ட வுட்டே தொரத்திட்டானாமே உன் புள்ள?" அவர் உள்ளே வந்து, மிஞ்சிய கேசரியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நான்காம் நாள் தாய்மாமனிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. நான்தான் வாசித்துக் காட்டினேன். பையனுக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. வெள்ளையடிக்கிறவர் மகள் என்பதில் எங்களுக்கு ஒன்றுமில்லை, பொய் சொன்னதுதான் பிடிக்கவில்லை. வருகிற வெள்ளிக்கு மறு வெள்ளி நல்ல நாள், உங்கள் வீட்டில் வந்து தாம்பூலம் மாற்றிக்கொள்கிறோம். பெண்ணின் தகப்பனார் கட்டாயம் இருக்க வேண்டும்.

வீட்டுக்காரம்மா கெடு வைத்த அதே வெள்ளிக்கிழமை.

அக்கா கார்டை என் கையிலிருந்து வாங்கி, என்றோ படித்து மறந்துபோன அந்த எழுத்துகளை மேலிருந்து கீழே பார்த்தாள். அன்றைக்கு ஒருநாள் அவள் காஜா எடுக்கவில்லை.

அப்பா மறுநாள் காலையில் சுண்ணாம்பு நீற்றினார். நீலம் கொஞ்சம் போட்டு, கலக்கி, வடிகட்டி, நார் மட்டையைத் தோய்த்து மேலிருந்து இழுத்தார். ஈரச் சுண்ணாம்புக்கு நிறம் கிடையாது. அடித்து முடித்தபோதும் மலை அப்படியே தெரிந்தது, தண்ணீருக்கு அடியில் இருப்பது மாதிரி. காயக் காயத்தான் வெள்ளை எழும்பும். முதலில் மரங்கள் வெளிறின, பிறகு மேடு, பிறகு மலை. மத்தியானத்துக்குள் சுவர் முழுக்கத் தூரமாகிப் போய், இல்லாமல் போனது. அந்தக் கடைசி மலைக்காக நான் இரண்டு நாள் செய்த காரியத்தை அவர் மட்டை சுவர் மொத்தத்துக்கும் அரை நாளில் செய்துவிட்டது. நான் தேநீர்கூடக் குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் அக்கா கையை ஊன்றி எழுந்தபோது ஒரு சில்லு உதிர்ந்தது. உள்ளங்கை அளவுக்குப் பச்சை. காலையில் எழுந்து பார்த்தால் பாய் முழுக்க வெள்ளைச் செதிள், சுவரில் பாதி மலை.

இரண்டாவது கை அடித்தார். உதிர்ந்தது. மூன்றாவதில் வஜ்ஜிரப் பசை காய்ச்சிக் கலந்தார். அது ஒரு முழுநாள் நின்றது. பிறகு நடுச்சுவரில் ஒரு பாய் அகலத்துக்கு அப்பளம்போல் உப்பி, ஒரே சத்தத்தோடு விழுந்தது. உள்ளே மலை, கழுவித் துடைத்தது மாதிரி, முன்னைவிடப் பளபளப்பாக.

குடித்தனக்காரர்களுக்கு அது வேடிக்கை. காலையில் பல் விளக்கிக்கொண்டே வந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பார்கள். "இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி மலை?" "ஊரெல்லாம் வெள்ளை அடிக்கிறவன் வூட்ல சுண்ணாம்பு நிக்கலியே!" "மச்சி, மலை வெளிய வந்துச்சா, பாத்து சொல்லு, பந்தயம்." அடையாற்று வேலைக்கு அப்பாவைக் கூப்பிட வந்த மேஸ்திரியும் பார்த்தார். "உன் வூட்டுச் சுவத்துலயே நிக்கல. உன்ன நம்பி எப்பிடிப்பா பங்களாவ வுடறது?" என்றார். பாதி விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் வேறு ஆளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை அப்பா தகரத் தகடு ஒன்றை எடுத்துக்கொண்டார். பெயிண்ட்டையே சுரண்டி எடுத்துவிடுவது, அதன் மேல் அடிப்பது. வேறு வழியில்லை.

நான் குறுக்கே போய் நின்றேன். "நைனா, அந்தக் கடைசி மலைய மட்டும் விட்டுடு. மேல ஒரு பாய தொங்க விட்டுக்கலாம். அது எனக்கு மறுபடி வராது."

அவர் என்னைத் திட்டவில்லை. வலது கண்ணைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "எனுக்குத்தான் எது கிட்ட, எது தூரம்னு தெரியாதே. எது கடைசின்னு நீயே காட்டு."

விரலை வைத்துக் காட்டினேன்.

தகட்டை முதலில் அங்கேதான் வைத்தார்.

நல்ல சுவராக இருந்திருந்தால் பெயிண்ட் மட்டும் வந்திருக்கும். அது உப்பேறிய பழைய சுவர். தகடு இழுத்த இழுப்பில் காரை கையகலத்துக்குப் பெயர்ந்தது. ஓரத்தைச் சரி செய்யப்போய் இன்னும் பெயர்ந்தது. அப்பா நிறுத்தவில்லை. நிறுத்த முடியாதவர்போல் சுரண்டினார். அவர் அவ்வளவு கோபமாக வேலை செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மாலைக்குள் சுவரின் நடுவில் ஆள் படுக்கிற நீளத்துக்குச் செங்கல் தெரிந்தது. மண் வைத்துக் கட்டிய செங்கல். ஒன்று கழன்று அடுத்த குடித்தனத்தின் பானைமேல் விழுந்தது. அந்த ஓட்டை வழியாக அந்த வீட்டுப் பையன் எங்களைப் பார்த்துக் கையாட்டினான்.

வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். கத்தவில்லை. "கொத்தனார நான் இட்டாறேன். கூலி, சாமான் அல்லாம் உன்னுது. அட்வான்ஸுல ஒரு பைசா திரும்பி வராது. ஒண்ணாந்தேதி காலி," என்றார். அப்பா தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை காலையில் கொத்தனார் வேலை பாதியில் இருந்தது. கீழ்ப்பாதி ஈரச் சிமெண்ட், மேல்பாதி செங்கல், ஓரங்களில் கொஞ்சம் பச்சை, ஒரு மூலையில் எங்கும் போகாத பாதை. அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்து, இரவல் வாங்கிய வேட்டியில், இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு பாயில் உட்கார்ந்திருந்தார். அக்கா அம்மாவின் கல்யாணப் புடவையில். சித்தாள் ஒருத்தி சாந்துச் சட்டியோடு குறுக்கே போய்க்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை வீட்டார் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூவோடு வந்தார்கள். மாப்பிள்ளையின் அக்கா உள்ளே வந்த வேகத்தில் பூவை எடுத்து என் அக்காவின் கையில் கொடுத்துவிட்டாள். பிறகுதான் எல்லாரும் சுவரைப் பார்த்தார்கள்.

"இன்னா ஆச்சு இங்க?" என்றார் தாய்மாமன்.

"சுவரு கொஞ்சம்..." என்று அப்பா ஆரம்பித்தார். வாசலிலிருந்து வீட்டுக்காரம்மா முடித்து வைத்தார். "இட்ச்சுட்டாங்கோ. ஒண்ணாந்தேதி காலி பண்றாங்கோ. பொண்ண எங்கேர்ந்து இட்டுகினு போவணும்னு இப்பவே கேட்டு வெச்சுக்கோங்கோ."

அந்தப் பையன் தன் அம்மாவிடம் குனிந்து ஏதோ சொன்னான். இருக்கட்டும் என்று சொன்னதுபோல்தான் எனக்குக் கேட்டது. அவர் அவன் கையைத் தட்டிவிட்டார்.

தாய்மாமன் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார். மரியாதையாகவே பேசினார். "பொண்ணு நல்ல பொண்ணுதான், பெரியவரே. அதுல குறை சொல்லல. ஆனா தாம்பூலம் மாத்தறதுன்னா நாலு சுவரு வேணுமில்ல?"

தட்டை எடுத்துக்கொண்டார்கள். பூவைக் கேட்க மாப்பிள்ளையின் அக்கா கையை நீட்டினாள். "தொட்டுட்டா, வுடு," என்றார் அவளுடைய அம்மா. சித்தாள் வழிவிட்டு நின்றாள்.

அக்கா அந்தப் பட்டுப் புடவையோடே செங்கல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, தைக்காமல் கிடந்த சட்டைகளை இழுத்துக்கொண்டாள். நான் ஏதோ சொல்லப்போனேன். அவள் நிமிரவில்லை.

"உனுக்கு மலை வேணும்னா நீ போயிருக்கணும்டா. அத எதுக்கு என் முதுகுக்குப் பின்னால கொண்டாந்து வெச்ச?"

அதன் பிறகு அவள் என்னிடம் அதைப்பற்றிப் பேசியதில்லை. அந்தப் பையனுக்குத் தை மாதத்தில் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று. அக்கா இன்னும் காஜாதான் எடுக்கிறாள். டிராயிங் ஹையர் நான் தேறி, மாஸ்டராகவும் ஆகிவிட்டேன். பள்ளியில் பையன்கள் இரண்டு முக்கோண மலையும் நடுவில் சூரியனும் வரைந்துகொண்டு வந்தால், சரி என்று குறி போட்டுக் கொடுத்துவிடுகிறேன்.

காலி செய்வதற்கு முந்தின நாள் அப்பா ஒரு காகிதத்தையும் பென்சிலையும் என் முன்னால் வைத்தார். "நீதான படிச்சவன். கூட்டிப் போடு," என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். திரும்பி வராத அட்வான்ஸ் நூற்றைம்பது. கொத்தனார், சித்தாள், சிமெண்ட், மணல், உடைந்த பானை எல்லாம் அறுபத்தெட்டு. சுண்ணாம்புக்கும் வஜ்ஜிரத்துக்கும் பதினொன்று. அப்பா வேலைக்குப் போகாத ஒன்பது நாளுக்கு ஐம்பத்துநான்கு. அக்காவின் தாலிக்கென்று அம்மா சேர்த்திருந்ததிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கீழே கோடு போட்டு, கூட்டி, அவர் கேட்கும்படி வாசித்தேன்: இருநூற்று எண்பத்து மூன்று ரூபாய்.